பேயில்லாமல் பயமுறுத்தியவர்

பேய்ப் படம்னா நம்ம ஹாஸ்டல்ல ஒருத்தருக்கும் தூக்கம் வராது. ஆனால் பேயே இல்லாமல், ஒரு மனுசன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுவதைக் காட்டியே தமிழ்நாட்டைக் குலைநடுங்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் நடிகவேள் எம்.ஆர்.ராதா!

1907ல் சென்னையில் பிறந்தார். சின்ன வயசிலேயே வீட்டை விட்டுப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1937ல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். ஆனாலும் அவர் பெயர் மேடையில்தான் வளர்ந்தது. பெரியாரின் தொண்டராகி, மூடநம்பிக்கையை நாடகத்தில் கிழி கிழியென்று கிழித்தார்.

திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராகப் போட்டார். 1954ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் அது படமானது. சீமையிலிருந்து திரும்பிய பணக்கார மோகனசுந்தரம், தாசி காந்தாவிடம் மயங்கி, கடைசியில் தொழுநோயாளி ஆகிறான். முகமெல்லாம் புண், மடங்கிய விரல்கள், பார்வை போன கண், கரகரத்த குரல்! அமெரிக்காவில் லான் சேனி 1923ல் கூனனாகவும் 1925ல் மண்டையோட்டு முகத்தோடும் வந்து பயமுறுத்தினார். நம்ம ராதா அந்த அழுகின உடம்போடு சிரிக்கவும் வைத்தார். அதுதான் அவர் திறமை.

1967ல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்றார். 1979 செப்டம்பர் 17, பெரியாரின் நூறாவது பிறந்த நாளன்று மறைந்தார்.

நண்பர்களே, இங்கே ஒன்று சொல்லணும். எங்க மாமா பட்டாசுக்கு மருந்து கலக்கும்போது தீப்பிடித்து, முகமும் கையும் வெந்தவர். விரல்கள் ஒட்டிப்போய் மடங்கியே இருக்கும். ஒருநாள் டி.வி.யில் இந்தப் படம் ஓடியது. நாங்க எல்லாரும் சிரிச்சு ரசிச்சோம். மாமா மட்டும் பேசாம எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் எப்பவும் காலியாத்தான் இருக்கும். அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

தொழுநோய் பாவத்தின் சம்பளம் இல்லை. அது ஒரு கிருமி. 1873லேயே ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். 1980களில் வந்த கூட்டு மருந்தால் முழுசாக் குணமாகும். தீக்காயமும் தண்டனை இல்லை, உழைச்ச கைக்கு நேர்ந்த விபத்து.

ராதாவின் நடிப்பைக் கும்பிடுவோம். ஆனால் மூடநம்பிக்கையை எதிர்த்த அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, உருமாறின முகத்தைப் பார்த்து நாம் ஒதுங்கலாமா? அடுத்த தடவை பஸ்ஸில் அந்தக் காலி சீட்டில் உட்காருங்கள். அதுதான் நடிகவேளுக்கு நாம் செய்யும் மரியாதை!