காயற்கரையில் அரிஸ்டாட்டில்

கி.மு. 384ஆம் ஆண்டில், கிரேக்கத்தின் வடபுறத்தே ஸ்டாகிரா என்னும் சிற்றூரில் அரிஸ்டாட்டில் பிறந்தார். தந்தையார் நிக்கோமாக்கஸ் மாசிடோனிய அரண்மனை மருத்துவர். பதினேழாம் அகவையில் ஏதென்ஸ் சென்ற அரிஸ்டாட்டில், பிளேட்டோவின் கழகத்தில் இருபது ஆண்டுகள் தங்கினார். கி.மு. 347இல் ஆசிரியர் மறையவே, ஆசியக் கரையில் ஹெர்மியாஸ் என்னும் சிற்றரசரை அடைந்து, அவருடைய உறவினரான பித்தியாஸ் என்பாரை மணந்தார். பின்னர் லெஸ்போஸ் தீவில் குடியேறினார். தருக்க நூலாசிரியராகவும் அலெக்சாந்தரின் ஆசானாகவும் அவரை அறிந்துள்ள நாம், அத்தீவின் பைரா காயலில் மீன்களை ஆராய்ந்த அரிஸ்டாட்டிலை அவ்வளவாக அறியோம்.

விலங்குகளைக் குருதியுடையன, குருதியற்றன என அவர் இருவகைப்படுத்தினார். குருதியுடையன யாவற்றுக்கும் எலும்பாகவோ முள்ளாகவோ முதுகுத்தண்டு உண்டு என்பதையும் கண்டார். இன்று நாம் முதுகெலும்பிகள் என வழங்குவது ஏறத்தாழ இத்தொகுதியையே. இவற்றை வாழிடம் ஒன்றையே கொண்டு பிரிப்பது அவருக்கு நிறைவு தரவில்லை. டால்பின் கடலில் வாழ்கிறது; உருவிலும் மீனை ஒக்கும். ஆயினும் செவுளின்றி நுரையீரலால் மூச்சுவிடுகிறது; குட்டி ஈன்று பாலூட்டுகிறது. ஆகவே அதனை மீனினத்தினின்று வேறாக வைத்தார். விரியன் பாம்பு வயிற்றினுள்ளே முட்டையைக் கொண்டிருந்து, குட்டியாக வெளியிடுவதையும் குறித்தார். கோழிமுட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துக் கருவின் வளர்ச்சியை நோக்கினார். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்த நிலையில், வெண்கருவினிடையே ஒரு குருதிப்புள்ளியாக இதயம் துடிப்பதைக் கண்டெழுதினார்.

மீனவர்களிடம் அவர் மிகுதியும் கேட்டறிந்தார். ஆனால் கேட்டதையெல்லாம் ஏற்றாரல்லர். ஆண்மீனின் விந்தைப் பெண்மீன் விழுங்கிக் கருவுறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வாய்வழிச் சென்றது இரைப்பையைத்தான் அடையும், கருவகத்தை அடையாது என்று உடலமைப்பைக் காட்டி அதனை மறுத்தார். இத்துணை விழிப்புடையவரும் விலாங்கின் முன் இடறினார். அறுத்துப் பார்த்தபோது முட்டையும் இல்லை, விந்தும் இல்லை. எனவே விலாங்கு சேற்றினின்று தோன்றுகிறது என முடிவு கட்டினார். விலாங்கு முதிர்ந்தபின் தொலைகடல் சென்று இனம்பெருக்குவது அவருக்குப் புலப்பட வழியில்லை. தாம் காணாததை இல்லாததெனக் கொண்டதே பிழை என்பது நம் கருத்து.

கி.மு. 343இல் மாசிடோனிய அரசர் பிலிப் அழைக்க, இளவரசருக்கு ஆசானாயினார். 335இல் ஏதென்ஸ் திரும்பி லைசியம் பள்ளியை நிறுவினார். 323இல் அலெக்சாந்தர் இறந்ததும், தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு எழவே கால்சிஸ் ஊருக்கு அகன்று, மறு ஆண்டில் காலமானார். விலங்குகளின் உள்ளுறுப்புகளைப் படங்களோடு விளக்கிய அவரது நூல் ஒன்று நமக்குக் கிடைக்காமல் போனது பேரிழப்பே.

எஞ்சிய விலங்கு நூல்கள் அரபியில் 19 பகுதிகளாகக் கிதாபுல் ஹயவான் என்னும் பெயரில் பெயர்க்கப்பெற்றன. 9ஆம் நூற்றாண்டில் பஸராவின் அல் ஜாஹிழும் அதே பெயரில் ஒரு நூல் செய்தார். இரண்டும் வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது. அரிஸ்டாட்டிலைத் தருக்கநூலார் என்று சுட்டும் ஜாஹிழ், அவர் கூற்றுகளைப் பல இடங்களில் எடுத்தாள்வதோடு, சான்று போதாதவிடத்துத் தயங்காது வினவவும் செய்கிறார். ஆசிரியரை மதிப்போர் செய்யத்தக்க பணியே அது. அரபிப் பெயர்ப்பிலிருந்து மைக்கேல் ஸ்காட் என்பார் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் ஆக்க, ஐரோப்பாவும் அந்நூல்களைப் பயின்றது.

அவற்றுள் ஒரு செய்தி மட்டும் நெடுங்காலம் பலரால் ஐயுறப்பட்டு வந்தது. வழவழப்பான தோலுடைய சிறு சுறா ஒன்றின் குட்டிகள், நாற்கால் விலங்கின் குட்டிகளைப் போன்றே, தாயின் கருப்பையோடு கொடியால் பிணைந்துள்ளன என்று அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். மீனுக்குக் கொடியேது என்றனர். பெர்லினில் பணியாற்றிய உடற்கூற்று அறிஞர் யோகன்னஸ் முல்லர் 1842இல் அதனை மெய்ப்பித்து வெளியிட்டார். தோற்றத்தில் மிக ஒத்த இரு சுறாக்களுள் ஒன்றுக்கே அக்கொடி உண்டு; மற்றதை அறுத்துத் தேடியவர் அதனைக் காண வழியில்லை.