புறா ஓட்டிய குண்டு

உளநூல் அறிஞர் ஸ்கின்னரை ஆசிரிய கலாசாலைகளிலே பயின்றோர் நன்கறிவர். அவர் எழுத்தாளராகும் ஆசையோடு வாழ்வைத் தொடங்கியவர் என்பதும், போர்க்குண்டுக்குப் பறவையை மாலுமியாக்க முனைந்தவர் என்பதும் பலர் அறியாதன.

1904ஆம் ஆண்டு பென்சில்வேனியாவிலே பிறந்த அவர், ஆங்கில இலக்கியம் கற்று 1926இல் பட்டம் பெற்றார். புனைகதை எழுதவென்று வீட்டிலே அமர்ந்தார். எழுத்து வாய்க்கவில்லை. இலக்கியம் இழந்தவரை உளநூல் ஏற்றுக்கொண்டது. 1931இல் ஹாவட் சர்வகலாசாலையிலே கலாநிதியானார்.

1940இல் ஒருநாள் புகைவண்டியிற் செல்கையிலே, உடன் பறந்த பறவைக் கூட்டத்தைக் கண்டார். காற்றிலே இத்துணை இலாவகமாகத் திரும்பும் உயிர், வானிலிருந்து விழும் குண்டையும் திருப்பலாகாதோ? அக்காலத்து விமானக் குண்டுகள் பெரும்பாலும் குறிதவறியே வீழ்ந்தன. 1943இல் ஜேர்மானியர் வானொலி அலைகளால் ஓட்டும் ஹென்ஷெல் குண்டைப் போரில் இறக்கினர். அவ்வாண்டு நவம்பர் 26இல் மத்தியதரைக் கடலிலே அதனால் தாக்குண்டு றோனா என்னும் கப்பல் மூழ்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர் மாண்டனர். ஆயினும், அதனை ஓட்டுபவன் குண்டு இலக்கை அடையும்வரை விமானத்திலிருந்து அதனைப் பார்த்தவண்ணம் இருத்தல் வேண்டும். ஸ்கின்னரோ கண்ணையே குண்டினுள் வைக்க எண்ணினார்.

சிறகுடைய அக்குண்டின் பெயர் பெலிக்கன். அதன் மூக்கிலுள்ள கண்ணாடிவில்லை இலக்கின் உருவைத் திரையிலே வீழ்த்தும். தானியத்துக்காக அவ்வுருவைக் கொத்தப் பழகிய புறா, விடாது கொத்தும். உரு நடுவை விட்டு விலகினால் கொத்தும் விலகும். அதற்கேற்பக் குண்டின் போக்குத் திருத்தப்படும். ஒரு புறா பிழைத்தாலும் கெடாதபடி மூன்று புறாக்கள், பெரும்பான்மையே முடிவு! மாவாலைக் கம்பனி ஒன்று மேல்மாடியை உதவியது. 1943இல் அரசாங்கம் 25,000 டொலர் அளித்தது.

அறிஞர் குழுவின் முன்னே புறா பிழையின்றிக் கொத்திற்று. ஆயினும் உயிர்ப் பறவையைக் கண்டதும் அவர்களுக்கு நகைப்பே மிகுந்தது. 1944இல் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் கடற்படை 1948இல் மீண்டும் எடுத்து, 1953இல் மீண்டும் விட்டது. எந்தப் புறாவும் குண்டோடு மடியவில்லை.

மடிந்திருந்தால்? தான் அறியாத போரிலே ஒரு பறவையைச் சாகவிட மனிதனுக்கு உரிமையுண்டோ என்பது, போர்க்காலத்திலே நின்று ஆராயத்தக்க வினாவன்று என்பது ஸ்கின்னரின் நிலை. அவ்விடை எமக்கு நிறைவு தரவில்லை. எதிரியின் கப்பலிலும் உயிர்கள் இருந்தனவே என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் வினாவைப் பெரிதாக்குகின்றதேயன்றித் தீர்க்கவில்லை.

1953இல் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்ற அவர், தம் விடை சரியோ பிழையோ என உடனறியாது பிள்ளைகள் காத்திருத்தலைக் கண்டார். புறாவுக்கு உடனே கிடைத்த தானியம் பிள்ளைக்கு இல்லை! கற்பித்தற் பொறி இவ்வாறே அவர் கையில் உருவாயிற்று.

ஸ்கின்னர் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18இல் காலமானார். புறாக்களுக்கென அமைத்த குண்டு முகப்பு வாஷிங்டன் நூதனசாலையிலே பேணப்படுகின்றது.