நாடாளுமன்றம் கேட்ட உழவர் குரல்

விளைச்சல் பொய்த்தாலும் தீர்வை பொய்க்காத காலம் அது. கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் சென்னை மாகாணத்து உழவர் பலர் இரயத்துவாரி முறைப்படி நிலத்தீர்வையை நேரடியாக அரசுக்குச் செலுத்தி வந்தனர். வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் தாசில்தாரிடமே குவிந்திருந்தன. ஆதலால், தீர்வைக்காகத் துன்புறுத்தப்பட்டவர் தம்மைத் துன்புறுத்தியவரிடமே முறையிட வேண்டிய நிலை இருந்தது. ஏர் பிடித்தறியாத சென்னை வணிகர் ஒருவர் இந்த அநீதியைத் தம் கவலையாக ஏற்றார். அவரே கஜுலு லட்சுமிநரசு.

லட்சுமிநரசு 1806ஆம் ஆண்டு சென்னையில் அவுரி வணிகர் சித்துலு செட்டியின் மகனாகப் பிறந்தார். துணி வணிகத்தில் ஈடுபட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளைப் பெருக்குவதோடு அவர் நிறைவடையவில்லை. நாட்டு மக்களின் குறைகளை ஆள்வோர் அறிய வேண்டுமெனில் அவற்றை ஆள்வோரின் மொழியிலேயே எழுத வேண்டும் எனக் கருதினார். 1844இல் ‘கிரசெண்ட்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். மதமாற்ற முயற்சிகளுக்கு அரசு துணைபோவதாக எண்ணிய இந்துக்களின் மனக்குறையையும் அவ்விதழ் எடுத்துரைத்தது.

எழுத்துக்கு அமைப்பின் வலிமையும் தேவைப்பட்டது. 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டில் கும்பினியின் பட்டயம் புதுப்பிக்கப்பட இருந்தது. அவ்வாய்ப்பை உணர்ந்த சங்கம், வரிச்சுமை, நீதி கிடைப்பதில் தாமதம், கல்விக்குறை முதலியவற்றை விளக்கிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. 1853இல் இயற்றப்பட்ட பட்டயச் சட்டம் சங்கத்துக்கு ஏமாற்றமே தந்தது.

லட்சுமிநரசு தளரவில்லை. அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். உழவர்களின் துயரை நேரில் அறிந்த சீமோர், 1854இல் அதனை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். அதன் விளைவாகச் சென்னையில் சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எளிய மக்கள் தொலைவான ஊர்களிலிருந்தும் வந்து முறையிட்டனர். கழுத்தையும் காலையும் பிணைத்துக் குனிய வைக்கும் ‘அண்ணாந்தாள்’, விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’ ஆகிய கொடுமைகள் ஏட்டில் பதிவாயின. தீர்வை தண்டுவதில் சித்திரவதை நிகழ்ந்தது உண்மையே என 1855ஆம் ஆண்டு அறிக்கை உறுதிசெய்தது. 1857இல் காரல் மார்க்சு அமெரிக்க நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையைச் சுட்டிக்காட்டி எழுதினார். 1859ஆம் ஆண்டுக் காவல் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து காவல் பணியைப் பிரித்தது.

1863இல் லட்சுமிநரசு சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆனால், இதழுக்கும் சங்கத்துக்கும் வாரி வழங்கிய அவரது செல்வம் கரைந்துபோயிருந்தது. பெருவணிகராக வாழ்ந்த அவர், 1868இல் வறுமையில் மறைந்தார். அவருடைய கணக்கேட்டில் அது இழப்பாக இருக்கலாம். அஞ்சி ஒடுங்கியிருந்த உழவர்கள் தம் துயரைத் தாமே சொல்ல முன்வந்ததே அவர் ஈட்டிய ஊதியம்.