பழைய புத்தகங்களைக் காத்த ரோஜா முத்தையா



ஞாயிற்றுக்கிழமையில் புதுச்சேரி காந்தி வீதிக்குப் போயிருக்கிறீர்களா? சண்டே மார்க்கெட் கூட்டத்தில் சட்டை, செருப்பு, பாத்திரம் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தால், நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். அட்டை கிழிந்த கதைப் புத்தகம், யாரோ படித்து முடித்த பாடநூல், தேதி போன வார இதழ் என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் அங்கே குனிந்து புத்தகம் தேடாத ஞாயிறு குறைவு. பக்கத்தில் இன்னொருவரும் என்னைப் போலவே குனிந்திருப்பார். எனக்கு வேண்டியது அவர் கையில் இருக்கும். அவருக்கு வேண்டியது என் கையில் இருக்கும். சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வோம். பெயர்கூடத் தெரியாமல் நண்பர்களாகிவிடுவோம். குறைந்த காசில் புத்தகமும் கிடைக்கும், நட்பும் கிடைக்கும்!

இப்படிப் பழைய புத்தகக் கடைகளைத் தேடித் தேடிப் போன ஒருவர், தமிழுக்கே ஒரு பெரும் புதையலைச் சேர்த்து வைத்தார். அவர்தான் ரோஜா முத்தையா செட்டியார். அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என்றோர் ஊர் இருக்கிறது. கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊரும் அதுதான். முத்தையாவும் அந்த ஊர்க்காரர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது அவருடைய தொழில். 'ரோஜா ஆர்ட்ஸ்' என்பது அவர் நடத்திய கடையின் பெயர். கடையின் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. முத்தையா, ரோஜா முத்தையா ஆனார்!

அவர் பேராசிரியரோ, பெரிய பதவியில் இருந்தவரோ அல்லர். தூரிகையும் வண்ணமும் பிடித்த கை அவருடையது. ஆனால் மனமெல்லாம் புத்தகத்தில் இருந்தது.

அந்தக் காலத்தில் பழைய புத்தகம் என்றாலே எல்லோரும் சொல்லும் இடம் சென்னை மூர் மார்க்கெட். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, செங்கல் நிறத்தில் அழகாக எழும்பியிருந்த கட்டடம் அது. 1900-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். மாணவர்களும் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அங்கே கூடுவார்கள். முத்தையாவும் அந்தக் கடைகளுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினார், வாங்கினார். பிறகு அதுவே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது.

அவர் எதை வாங்கினார் தெரியுமா? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பெரிய புலவர்களின் நூல்களை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். முத்தையா, மற்றவர்கள் குப்பையில் போடும் தாள்களையும் சேர்த்தார். சந்தையில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், பெரிய எழுத்துக் கதைகள், சமையல் குறிப்புகள், நாட்டு மருத்துவ நூல்கள், நாடக நோட்டீஸ்கள், நின்றுபோன பத்திரிகைகள் என எதையும் அவர் தள்ளவில்லை.

ஒரு கிழிந்த நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய நாடக நோட்டீஸ் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. எந்த ஊரில் நாடகம் நடந்தது, யார் நடித்தார்கள், டிக்கெட் விலை எவ்வளவு என்று அது சொல்லிவிடும். சமையல் புத்தகம், நம் கொள்ளுப்பாட்டி என்ன சமைத்தார் என்று சொல்லும். வெள்ளம் வந்தாலும், ரயில் கவிழ்ந்தாலும் அதைப் பாட்டாக்கி, 'சிந்து' என்ற பெயரில் அச்சடித்து விற்ற காலம் உண்டு. அரசர்களின் கதையைக் கல்வெட்டு சொல்லும். சாதாரண மக்களின் கதையை இந்த மலிவுத் தாள்கள்தான் சொல்லும்!

சிறுகச் சிறுகச் சேர்த்ததில் கோட்டையூரில் அவருடைய வீடே நூலகமாகிவிட்டது. சேர்த்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை அவர். ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தச் சிற்றூரைத் தேடி வந்தார்கள். வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். வேறு எங்கும் கிடைக்காத நூலை அங்கே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்தார்கள். வாசகருக்கு வாசகரே துணை அல்லவா?

1985-ம் ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட்டில் பெருந்தீ பிடித்தது. கடைகளோடு ஏராளமான பழைய புத்தகங்களும் சாம்பலாயின. யோசியுங்கள், அங்கிருந்து முத்தையா முன்பே வாங்கிக் கோட்டையூருக்குக் கொண்டுபோன புத்தகங்கள் மட்டும் அங்கேயே இருந்திருந்தால்?

1992-ம் ஆண்டு ரோஜா முத்தையா காலமானார். அப்போது அவருடைய சேகரிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிற தாள்களும் இருந்தன. இனி இவை என்னவாகும் என்ற பெரிய கேள்வி எழுந்தது. இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகப் பராமரிக்க முடியுமா? பிரித்து விற்றால் திசைக்கு ஒன்றாகப் போய்விடும். அப்படியே விட்டால் பூச்சி அரித்துவிடும். பழைய அச்சுத் தாளுக்கு இன்னொரு பகையும் உண்டு. மரக்கூழில் செய்த அந்தத் தாளில் அமிலம் இருக்கும். நாளடைவில் தாள் பழுப்பேறி, தொட்டாலே அப்பளம்போல் நொறுங்கும்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை மொத்தமாக விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்களா? இல்லை! தமிழ் நூல்கள் தமிழ் மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. 1994-ம் ஆண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. முதலில் முகப்பேரில் இருந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. நொறுங்கும் பக்கங்களை அங்கே படச்சுருளில் படமெடுத்தார்கள். பிறகு கணினியிலும் பதிவு செய்தார்கள். தாள் அழிந்தாலும் எழுத்து அழியாது!

பெயர்ப் பலகை எழுதிய ஒருவரின் பெயர், இன்று ஒரு நூலகத்தின் பெயர்ப் பலகையில் இருக்கிறது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

செல்லங்களே, இந்தக் கதையைப் படித்துவிட்டு நீங்களும் லட்சம் புத்தகம் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா அம்மாவோடு காந்தி வீதிக்குப் போங்கள். ஒரே ஒரு பழைய புத்தகத்தைத் தேடி வாங்குங்கள். உள்பக்கத்தில் வாங்கிய தேதி, இடம், விலை மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். முன்பு வைத்திருந்தவர் தம் பெயரை எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். அதுவும் அந்தப் புத்தகத்தின் வரலாறுதான். காய்ந்த வேப்பிலையை அலமாரியில் போட்டு வையுங்கள். படித்ததும் பக்கத்து வீட்டு நண்பனிடம் கொடுத்து, அவனிடம் இருப்பதை வாங்கிப் படியுங்கள்.

வீட்டில் பழைய தாள்களை எடைக்குப் போடும்போது மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். தாத்தாவின் பழைய புத்தகமோ, பாட்டி எடுத்து வைத்த பாட்டு நோட்டோ அந்தக் கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்து வையுங்கள். ரோஜா முத்தையா செய்ததும் அதுதானே!