பதினான்காம் படையின் கண்கள்

வான்படை வீரர் என்றதும் குண்டு பொழிபவரையே நாம் எண்ணுகிறோம். பார்த்துவிட்டுத் திரும்புவதையே பெருங்கடமையாகக் கொண்டவர் மெகர் சிங். 1915-இல் லயால்பூர் மாவட்டத்தில் பிறந்த அவர், இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்று 1936-இல் அதிகாரியானார்.

1942 டிசம்பரில் ஆறாம் விமானப் பிரிவு அவர் தலைமையில் உருப்பெற்ற இடம் நம் திருச்சிராப்பள்ளியே என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. அடுத்த ஆண்டின் இறுதியில் அப்பிரிவு பர்மாப் போர்முனையை அடைந்தது. ஹரிக்கேன் விமானங்கள் இரண்டிரண்டாகச் செல்லும். ஒருவர் மர உச்சிகளை ஒட்டித் தாழப் பறந்து, காட்டுப் பாதைகளையும் ஆற்றுத் துறைகளையும் உற்றுநோக்குவார். மற்றவர் பகை விமானம் வருகிறதா எனக் காவல் புரிவார். தரையை நோக்குபவர் வானத்தை மறந்தாக வேண்டும். தம் உயிரைத் தோழரின் கண்களிடம் ஒப்படைத்தே அவர் பறந்தார் எனலாம். அப்பிரிவைப் பதினான்காம் படையின் கண்கள் என அழைத்தது தகும். 1944-இல் மெகர் சிங் பெற்ற டி.எஸ்.ஓ. விருதை அப்போரில் வேறெந்த இந்திய விமானியும் பெற்றிலர்.

1948 மே 24 அன்று தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு, இமயச் சிகரங்களைத் தாண்டி, லே நகரில் முதன்முதலாக டகோட்டா விமானத்தை இறக்கினார். அவ்வாண்டே பணி துறந்தார். 1949 மார்ச் 16 அன்று ஜாம்நகரிலிருந்து தில்லி திரும்புகையில் புயலில் சிக்கி மாண்டார். 34 அகவை நிறைய நான்கு நாட்களே எஞ்சியிருந்தன.