தவறைச் சுட்டிய நீதிமான்

புணே நகரின் கிழக்கே, மகர்பட்டாவைக் கடந்து சோலாப்பூர் சாலை வழியே சென்றால் சிந்தாமணி விநாயகர் எழுந்தருளியுள்ள தேயூரை அடையலாம். பேஷ்வா மாதவராவ் 1772 நவம்பரில், தமது 27-ஆம் வயதில் உடல் நீத்த தலம் இது. அந்த இளம் ஆட்சியாளரின் பிழையை அஞ்சாது எடுத்துரைத்தவர் நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே.

சாதாராவை அடுத்த மாஹுலியில் பிறந்த ராமசாஸ்திரி, இளமையில் கல்வி பெறாமல் ஒரு செல்வந்தரின் வீட்டில் ஏவலராக இருந்தார். ஒருநாள் எஜமானரின் பாதங்களுக்கு நீர் வார்க்கையில், அவர் அணிந்திருந்த முத்துக் கடுக்கனில் கவனம் சிதறிப் பணியில் தவறினார். அதனால் கடுஞ்சொல் கேட்க நேர்ந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் ஏசியவரை வெறுக்கவில்லை. தமது கல்லாமையை எண்ணி நாணினார். காசிக்குச் சென்று, பல்லாண்டுகள் சாஸ்திரங்களைப் பயின்று, பின்னர் புணேயின் நீதிபீடத்தை அலங்கரித்தார்.

1761-இல், 16 வயதில் பேஷ்வாவான மாதவராவ், ஒரு காலகட்டத்தில் அரசுப் பணிகளை மறந்து ஜபத்தில் மூழ்கினார். அலுவல் நிமித்தம் வந்த சாஸ்திரி, காசிக்குச் செல்ல மறுநாள் விடை கேட்டார். தவமே நோக்கமெனில் இருவரும் கங்கைக் கரைக்கே போகலாம், அரியணையில் இருப்பதெனில் மக்களைக் காப்பதே கடமை என்று உணர்த்தினார். மாதவராவ் சினக்கவில்லை, தம்மைத் திருத்திக்கொண்டார்.

1773 ஆகஸ்ட் 30 அன்று, மாதவராவின் தம்பியும் அடுத்த பேஷ்வாவுமான நாராயணராவ் சனிவார் வாடாவில் கொல்லப்பட்டார். பழி சிற்றப்பா ரகுநாதராவைச் சூழ்ந்தது. சிறைப்பிடிக்கவே ஆணையிட்டதாகக் கூறிய அவர், அதற்குரிய பிராயச்சித்தத்தை வினவினார். உயிரைத் தருவதே பிராயச்சித்தம் என்று தீர்ப்பளித்த சாஸ்திரி, அவருடைய ஆட்சியில் பணிபுரிய மறுத்துப் புணேயை விட்டு அகன்றார். ரகுநாதராவோ பதவியை விட மனமின்றி, 1775-இல் ஆங்கிலேயருடன் சூரத் உடன்படிக்கை செய்து நாட்டைப் போரில் ஆழ்த்தினார். ராமசாஸ்திரி பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டு, 1789-இல் மறையும்வரை நீதிப்பணி ஆற்றினார்.

தவறு மூவருக்கும் நேர்ந்தது. ஏவலர் அதைக் கல்விக்கு வாயிலாக்கினார். இளைஞர் கடமைக்குத் திரும்பினார். மூன்றாமவர் அதற்குச் சமாதானம் தேடினார். தன் குற்றத்தை நேர்நின்று காண அஞ்சாத உள்ளமே பிறர் குற்றத்தையும் நடுநிலையோடு எடைபோட வல்லது. நமது பிழையைச் சுட்டுபவரை நாம் எவ்வாறு எதிர்கொள்கிறோம்? நமது வளர்ச்சி அந்தக் கணத்தில்தான் தீர்மானமாகிறது.