கால்நடைகளின் காவலர் யெர்சின்



பாலம் கடந்து சிங்கப்பூர் செல்லும் நம்மவருள் தேக்காவை மிதியாமல் திரும்புவோர் மிகச் சிலரே. துணிமணி, மளிகை, பூமாலை, கோயில் வழிபாடு என எதை நாடிச் சென்றாலும் நம் கால்கள் அங்கேதான் போய் நிற்கும். அத்தேக்காவின் தெருப்பெயர்களை நாம் ஊன்றிப் படித்ததுண்டா? சந்தைக்கு அருகில் ஒன்று பஃபலோ சாலை. மற்றொன்று கெர்பாவ் சாலை. முன்னது ஆங்கிலப் பெயர். பின்னது மலாய்ப் பெயர். இரண்டிற்கும் பொருள் எருமை என்பதே. அவ்வட்டாரத்தின் பழம்பெயராகிய கண்டாங் கெர்பாவ் என்பதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். பெலிலியோஸ் சாலையோ, கல்கத்தாவிலிருந்து வந்து அங்கே மாட்டு வாணிகம் நடத்திய பெலிலியோஸ் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்ணீரும் புல்லும் மிகுந்திருந்த அவ்விடத்தில் மாட்டுக் கொட்டில்கள் பெருகின. பால் கறப்போராகவும் மாடு மேய்ப்போராகவும் வண்டி ஓட்டுவோராகவும் தமிழர் பலர் அங்கே குடியேறினர். அவர்களுக்கு மாடே முதல், மாடே வருவாய். ஒரு மாடு நோயுற்று வீழ்ந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும்.

அக்காலத்தில் மாடு வைத்திருந்தோர் எல்லாரையும் நடுங்கச் செய்த நோய் ஒன்று இருந்தது. தமிழில் அதனை வெக்கை நோய் என்பர். மாட்டிற்குக் கடுங்காய்ச்சல் காணும். வாயில் புண்கள் தோன்றும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். பின்னர்க் கழிச்சல் கண்டு சில நாள்களில் மாடு மடியும். நோய் புதிதாகப் புகுந்த மந்தையில் பத்து மாடுகளுள் எட்டு ஒன்பது இறந்துபோவதும் உண்டு. மான், காட்டெருமை முதலிய காட்டு விலங்குகளையும் அது விட்டுவைக்கவில்லை. 1890-களில் ஆப்பிரிக்கக் கண்டத்தில் அது பரவியபோது மாடுகளும் காட்டு விலங்குகளும் கூட்டங்கூட்டமாய் மாண்டன. எத்தியோப்பியா நாட்டில் ஏரிழுக்க மாடின்றி உழவு நின்று பெரும்பஞ்சமே வந்தது.

இந்நோயை எதிர்த்துப் பாடுபட்ட பெருமக்களுள் ஒருவர் நம் ஆசியப் பகுதியிலேயே வாழ்ந்து மறைந்தவர். சிங்கப்பூரிலிருந்து வடக்கே தென்சீனக் கடல் வழியாகச் சென்றால் வியட்நாம் நாட்டின் நா திராங் என்னும் கடற்கரை ஊரை அடையலாம். அவ்வூரில் அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த மருத்துவர் அலெக்சாந்தர் யெர்சின் என்பார் வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றோம்.

யெர்சின் 1863-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தந்தையார் இறந்துவிட்டார். தந்தை முகம் காணாத அப்பிள்ளையை, பெண்கள் தங்கிப் பயிலும் பள்ளி ஒன்றை நடத்தி அன்னையார் வளர்த்தார். யெர்சின் மருத்துவக் கல்வி கற்கப் பாரிசு நகரம் சென்றார்.

1886-ஆம் ஆண்டில் அங்கே ஒரு நிகழ்ச்சி நடந்தது. வெறிநாய்க்கடி நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆராயும்போது, யெர்சினின் கையில் கத்தி பட்டுவிட்டது. அந்நோய் முற்றியபின் பிழைப்பது அரிது என்பதை அவர் நன்கறிவார். எனவே காலம் தாழ்த்தாமல் லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார். பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டு ஓராண்டே ஆகியிருந்தது. பாஸ்டரின் துணைவரான மருத்துவர் ரூ அம்மருந்தைச் செலுத்தினார். உயிர் தப்பிய யெர்சின் அந்த ஆய்வுக்கூடத்திலேயே பணியாளராகச் சேர்ந்தார். 1888-இல் ரூவும் அவரும் இணைந்து, தொண்டை அடைப்பான் நோயில் கிருமி சுரக்கும் நஞ்சே உயிரைக் குடிக்கிறது என்று மெய்ப்பித்தனர். இருபத்தைந்து வயதிலேயே அறிஞர் உலகம் அவரை அறிந்தது.

ஆயினும் அவர் உள்ளம் கடலை நாடியது. 1890-ஆம் ஆண்டு கப்பல் மருத்துவராகக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். வியட்நாமின் கடற்கரையையும் மலைகளையும் கண்டு அந்நாட்டின்மீது பற்றுக் கொண்டார். எவரும் செல்லாத காடுகளில் நடந்து நிலப்படங்கள் வரைந்தார். இன்று தா லாத் என்னும் மலைநகரம் அமைந்துள்ள மேட்டுநிலத்தை 1893-இல் கண்டறிந்து உரைத்தவர் அவரே.

1894-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. யெர்சின் அங்கே அனுப்பப்பட்டார். மருத்துவமனையில் அவருக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. சிறு குடிசை ஒன்றைக் கட்டுவித்து, அதனையே ஆய்வுக்கூடமாகக் கொண்டார். சில நாள்களிலேயே நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். தெருக்களில் செத்துக் கிடந்த எலிகளின் உடலிலும் அதே கிருமி இருப்பதைக் கண்டார். விலங்கின் நோயும் மனிதரின் நோயும் வெவ்வேறல்ல என்ற உண்மை அங்கே வெளிப்பட்டது. அக்கிருமி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அத்துணைப் புகழ் பெற்றவர் பாரிசு நகரில் உயர்பதவி வகித்து இனிது வாழ்ந்திருக்கலாம். அவரோ நா திராங் ஊருக்கே திரும்பினார். 1895-இல் மீனவர் குடிசைகளுக்கு நடுவே ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். குதிரைகளையும் மாடுகளையும் வளர்த்து, அவற்றின் குருதியிலிருந்து மருந்து காண முயன்றார். 1897-இல் பிளேக் மருந்துடன் பம்பாய் நகருக்கும் சென்றார். அங்கே அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை.

அந்நாட்டு உழவர்களின் எருமைகளும் மாடுகளும் வெக்கை நோயால் மடிவதைக் கண்டு அவர் கவலையுற்றார். எருமை இறந்தால் வயல் தரிசாகும்; வயல் தரிசானால் பிள்ளைகள் பசித்திருப்பர். எனவே கால்நடை நோய்களை ஆராய்வதையும் தம் பெரும்பணிகளுள் ஒன்றாகக் கொண்டார்.

வெக்கை நோயின் காரணத்தை அறிவது எளிதாக இருக்கவில்லை. நுண்ணோக்கியில் எவ்வளவு தேடியும் கிருமி புலப்படவில்லை. நோயுற்ற மாட்டின் நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தபின்னும் அது நோயை உண்டாக்குகிறது என்பதை 1902-இல் நிக்கோல், ஆதில் பே என்னும் இருவர் துருக்கி நாட்டில் நிலைநாட்டினர். சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத அப்பொருளையே இன்று நச்சுயிரி அல்லது வைரஸ் என்கின்றோம். மனிதருக்கு வரும் தட்டம்மையின் நச்சுயிரியும் வெக்கை நோயின் நச்சுயிரியும் நெருங்கிய உறவுடையன.

பகைவன் கண்ணுக்குத் தெரியாவிடினும் அவனைத் தடுக்க ஒரு வழி இருந்தது. நோயிலிருந்து பிழைத்த மாட்டை அந்நோய் மீண்டும் தாக்குவதில்லை. அதன் குருதியில் நோயை எதிர்க்கும் ஆற்றல் தங்கியிருப்பதே காரணம். அத்தகைய மாட்டின் குருதியிலிருந்து சீரம் என்னும் தெளிநீரைப் பிரித்து, நோய் வருமுன் மற்ற மாடுகளுக்குச் செலுத்தினால் அவையும் சில வாரங்கள் காக்கப்படும். இச்சீரத்தை உருவாக்கும் பணி நா திராங் ஆய்வுக்கூடத்தில் நடைபெற்றது. முழுமையான தடுப்பு மருந்து பின்னரே வந்தது; அதுவரை பல மந்தைகளைக் காத்தது இத்தகைய சீரமே.

இப்பணிக்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. பொருளுக்கு யெர்சின் எங்கே போனார் என்பதை நம் தோட்ட மக்கள் கேட்டு மகிழ்வர். சுவொய் தாவ் என்னும் இடத்தில் அவர் இரப்பர் மரங்களை நட்டார். வியட்நாமில் இரப்பர்ப் பயிரைத் தொடங்கி வைத்தவர்களுள் அவரும் ஒருவர். மரங்கள் பால் தரத் தொடங்கியதும் பிரெஞ்சு நாட்டு மிஷ்லின் நிறுவனம் அதனை வாங்கியது. அவ்வருவாய் ஆய்வுக்கூடத்தின் செலவுக்கு உதவியது. நாம் நாள்தோறும் விடியலில் வெட்டும் அதே பால்மரம், அங்கே உழவனின் எருமையைக் காக்கும் மருந்துக்கும் துணைநின்றது. நம் உழைப்பை எளிதென எண்ணுவோர் இதனை அறிவாராக!

யெர்சின் திருமணம் செய்துகொள்ளவில்லை. நோயாளியிடம் பணம் பெறுவது தகாது என்பது அவர் கொள்கை. மீனவர்கள் அவரை அன்புடன் ஓங் நாம், அதாவது ஐந்தாம் ஐயா என்று அழைத்தனர். 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் நா திராங்கில் அவர் காலமானார். அவர் உடல் சுவொய் தாவில் அடக்கம் செய்யப்பட்டது. அந்நியர் ஆட்சி நீங்கியபின் அந்நாட்டில் பல தெருக்களின் பிரெஞ்சுப் பெயர்கள் மாறின. யெர்சின் பெயரோ இன்றும் தெருக்களில் நிலைத்திருக்கிறது.

அவரைப் போன்றோர் தொடங்கிய பணியைப் பிறர் தொடர்ந்தனர். இந்தியாவின் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920-களில் ஆட்டின் உடலில் நச்சுயிரியை வளர்த்து, அதன் வலுவைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார். 1960-ஐ ஒட்டிக் கென்யாவில் வால்டர் பிளௌரைட் என்பார் அதனினும் சிறந்த மருந்தைக் கண்டார். உலகில் வெக்கை நோய் இறுதியாகக் காணப்பட்டது 2001-இல், கென்யாவின் காட்டெருமைகளிடத்தில். 2011-ஆம் ஆண்டு அந்நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த இரண்டாவது நோய் இதுவே.

ஒன்று ஒழிந்தது, எல்லாம் ஒழிந்துவிடவில்லை. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நம் மலேசிய நாட்டில் நீப்பா என்னும் நச்சுயிரி பரவியதைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதர்க்கும் அது தாவியது. இந்நாட்டில் 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். விலங்குகளோடு உழைத்த எளிய மக்களே முதலில் பாதிக்கப்பட்டனர்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, சிலவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கோழியோ ஆடோ மாடோ காரணமின்றி அடுத்தடுத்து இறந்தால் அதனை மறைக்கலாகாது. இறைச்சியாக விற்கவும் கூடாது. கால்நடை மருத்துவத் துறையினருக்கு உடனே தெரிவிக்குமாறு பெற்றோரிடம் கூறுங்கள். வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரான யெர்சினே நாளை பார்ப்போம் என்று இருந்துவிடவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த முறை தேக்காவுக்குச் செல்லும்போது எருமையின் பெயர் தாங்கிய அத்தெருக்களில் சற்றே நின்று, வாயில்லா உயிர்களை நம்பி அங்கே வாழ்ந்த நம் முன்னோரை நினையுங்கள். அவ்வுயிர்களின் துயர் தீர்க்கப் புகழையும் சுகத்தையும் விட்டு வந்த பெருமகனையும் நினையுங்கள். உங்களுள் ஒருவர் நாளை கால்நடை மருத்துவராக உயர்வாராயின், இத்தோட்டத்திற்கும் நம் பள்ளிக்கும் அதனினும் பெரும்பேறு வேறில்லை.

வாழ்க யெர்சின் புகழ்!